மனநல மருத்துவர் இல்லாத ஏ.ஆர்.டி. மையத்தில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அரசு மருத்துவமனை ஒன்றின் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து கொடுக்கும் இடத்தில், ஆலோசகராக இருக்கிறீர்கள். மாத்திரை வாங்க வருபவர்கள் சுமார் 1,200 பேர், ஆலோசகர்கள் இரண்டே பேர். மனநல மருத்துவரைப் பார்க்க 60 கி.மீ. பஸ்ஸில் போக வேண்டும். எல்லோருக்கும் மனச்சோர்வுப் படிவம் நிரப்பச் சொல்லி ஒரு பயிற்சியில் கையில் தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இதை எப்படித் தொடங்குவது, நம்மைவிட வசதி குறைந்த நாடுகளில் எப்படிச் செய்தார்கள் என்பது உங்கள் கேள்வி.

என் பதில்: படிவத்தில் தொடங்காதீர்கள். படிவத்தில் மதிப்பெண் கூடுதலாக வந்தவரை யார் உட்காரவைத்துப் பேசுவது, பேசுகிறவர் திணறினால் யாரிடம் கேட்பது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு அதைக் கையில் எடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 பேரில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு என்று வந்தால் 240 பேர். ஒவ்வொருவருக்கும் ஆறு முறை, முறைக்கு முக்கால் மணி நேரம் என்றால் 1,080 மணி நேரம். நீங்கள் இரண்டு பேரும் வேறு எந்த வேலையையும் தொடாமல் தினமும் ஆறு மணி நேரம் இதற்கே உட்கார்ந்தாலும் 90 வேலை நாட்கள் ஆகும். நடக்கிற காரியமா? நடக்காது. அப்போது என்ன ஆகும் என்றால், படிவங்கள் நிரம்பும், பைல் தடிக்கும். 'சாகலாம்னு தோணுதா?' என்ற கேள்விக்குத் தலையாட்டிய மனிதர், பதிலுக்கு எதுவும் கிடைக்காமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கேட்காமல் இருப்பதைவிட இது மோசம்.

இந்த வேலை அவசியமா என்று உங்கள் மருத்துவ அலுவலர் கேட்டால் சொல்ல இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வு பொதுமக்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைவு என்று 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அதே ஆண்டு வந்த இன்னொன்று, மனச்சோர்வுக்குச் சிகிச்சை கிடைத்தால் அந்த வாய்ப்பு 83 சதவீதம் கூடுகிறது என்றது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இந்த இரண்டு சேவைகளையும் இணைக்கச் சொல்கிறது. ஆக, மேலிடத்துக்குக் காட்டக் காகிதம் இருக்கிறது.

ஆனால் நம் மையங்களில் மனசைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் டப்பாவைக் கவிழ்த்து மிச்ச மாத்திரையை எண்ணுவதோடு முடிந்துவிடுகிறது. "ஏன் நாலு மிச்சம் இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாம் தடவை மிச்சத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே கொட்டிவிட்டு வருவார்கள். எண்ணிக்கை சுத்தமாக இருக்கும், வைரஸ் அளவுப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். திட்டு வாங்கப் போகும் இடமாக ஆலோசனை அறை ஆகிவிட்ட பிறகு அங்கே யாரும் மனதைத் திறக்கமாட்டார்கள்.

இனி வசதி குறைந்த நாட்டுக் கதை. இதில் அதிகம் பேசப்படுவது ஜிம்பாப்வே, பேசப்பட வேண்டியதும் அதுதான். 2005-இல் அந்த நாட்டு அரசு முராம்பாட்ஸ்வினா என்ற பெயரில் நகர்ப்புறக் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. மதிப்பிட்டது. பெரியவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த நாடு அது. ஒன்றரைக் கோடியை நெருங்கும் மக்கள்தொகைக்கு மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சையில் இருந்த இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மறுபடி மருத்துவமனைக்கு வர வேண்டிய நாளில் பஸ் கட்டணம் 15 டாலர் கையில் இல்லாததால் அந்தப் பெண் வரவில்லை என்பது சிபாண்டாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. நோயாளி மருத்துவமனைக்கு வருவார் என்று காத்திருக்கும் ஏற்பாடே தவறு என்று அவர் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

2006-இல் ஹராரே நகரின் எம்பாரே பகுதியில் வேலையைத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது 14 பாட்டிகள். மருத்துவமனைக்குள் அறை கிடைக்கவில்லை, கட்டடத்துக்கு வெளியே மரத்தடிதான். அதனால் பெஞ்சு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பாட்டிகள் தெருவில் போய்த் திடீரென்று பிடித்துவந்தவர்கள் இல்லை. நகர சுகாதாரத் துறையில் ஏற்கனவே சமூக சுகாதாரப் பணியாளர்களாக இருந்தவர்கள், காசநோயாளி வீட்டுக்கும் எச்.ஐ.வி. நோயாளி வீட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தவர்கள். யார் வீட்டில் என்ன சண்டை என்பது அவர்களுக்கு அத்துபடி. நம்மூரில் இதற்கு நிகரானவர்கள் யார் என்பதை யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முதலில் அதை மனநல பெஞ்சு என்றுதான் அழைத்தார்கள், யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். நட்பு பெஞ்சு என்று ஆன பிறகு ஆட்கள் வந்தார்கள். கேள்வித்தாளும் வெளியூர்ச் சரக்கு இல்லை. ஷோனா மொழி பேசும் மக்களிடமே கேட்டு, அவர்கள் தங்கள் வேதனையை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தொகுத்த 14 கேள்விகள், 'ஆம்', 'இல்லை' மட்டுமே பதில். அதை 1990-களில் உருவாக்கியவர் நம் நாட்டு மனநல மருத்துவர் விக்ரம் படேல். அதிகமாக யோசித்து யோசித்து மண்டை கனத்துப்போவதுதான் அங்கே மனச்சோர்வுக்கு மக்கள் சொல்லும் முதல் அடையாளம், கேள்வித்தாளிலும் அது இருக்கிறது.

பயிற்சி ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பேச்சு ஆறு அமர்வுகள். பிறகு ஏற்கனவே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களின் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே பழைய பிளாஸ்டிக்கைப் பின்னிப் பை செய்வார்கள், விற்பார்கள், பேசுவார்கள். ஹராரேயின் 24 மருத்துவமனைகளில் 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. அவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பைச் சற்றுக் கூட்டிக்கொடுத்த பிரிவில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பாட்டிகளிடம் பேசிய பிரிவில் 13.7 சதவீதம்.

அந்த ஆறு அமர்வில் அப்படி என்னதான் பேசுகிறார்கள்? அறிவுரை சொல்வதில்லை. முதல் அமர்வில் பிரச்சினைகளை எல்லாம் வெளியே கொட்டவைத்து, அதில் ஒன்றை மட்டும் வந்தவரையே எடுக்கச்சொல்லி, அதற்கு இந்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை அவர் வாயாலேயே வரவழைப்பார்கள். நம்மூரில் இது எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி எழுதுகிறேன். பலரின் கதையைச் சேர்த்துச் செய்தது, தனி ஒருவருடையது அல்ல.

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண். கணவர் இறந்துவிட்டார், மாமியார் வீட்டில் இருக்கிறார். வைரஸ் அளவு கூடியிருக்கிறது.

"எல்லாமே வெறுத்துப்போச்சு மேடம். தூங்கி எத்தனையோ நாளாச்சு. மாத்திரை கூட எடுக்கத் தோணல."

இந்த இடத்தில் நம் கை பரபரக்கும். மாத்திரை விட்டால் என்ன ஆகும் என்று தொடங்கிவிடுவோம். அதை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா, என்னென்னன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று மட்டும் கேட்டால், வீட்டு வாடகையில் பங்கு கேட்பது, பையனின் பள்ளிக் கட்டணம், கணவர் சாவுக்கு இவரையே காரணம் சொல்லும் மாமியார், ராத்திரி மாத்திரை போடும்போது "இது என்ன மாத்திரை, தினமும்?" என்று அவர் கேட்பது, எல்லாம் வரும். எழுதிக்கொள்ளுங்கள். படித்துக் காட்டுங்கள். "இதுல எதை முதல்ல எடுத்துக்கலாம்?"

"அந்த மாத்திரை விஷயந்தான் மேடம். அரிசி டப்பாவுல மறைச்சு வெச்சிருக்கேன். அவங்க தூங்கற வரைக்கும் முழிச்சிருந்து போடணும். பாதி நாள் நானே தூங்கிப்போயிடறேன்."

இப்போதுதான் உங்கள் மருந்தறிவு பயன்படும். இப்போது கொடுக்கும் டோலுடெக்ராவிர் கூட்டு மருந்தை ராத்திரியில்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம், சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், யோசனை அவரிடமிருந்து வரட்டும். "கம்பெனில டீ டைம்ல போட்டுக்கலாமா மேடம்? பர்ஸ்ல ஒரு வாரத்துக்கு வெச்சுக்கறேன்." சரி, அதுதான் இந்த வாரத்து வேலை. அடுத்த முறை அது நடந்ததா, நடக்கவில்லை என்றால் எது தடுத்தது என்று கேட்பீர்கள். மாமியாரின் வாயை உங்களால் மூட முடியாது, வாடகையையும் குறைக்க முடியாது. ஆனால் தன் கையில் எதுவுமே இல்லை என்று வந்தவரின் கையில் ஒன்று சிக்கியிருக்கிறது. இரண்டாவது மூன்றாவது பிரச்சினையை அவரே எடுத்துக்கொண்டு வருவார்.

உகாண்டாவில் வேறு வழி. வட உகாண்டாவின் கிட்கும், குலு, பாடெர் மாவட்டங்கள் நீண்ட உள்நாட்டுப் போரில் அடிபட்டவை. அங்கே மனநல மருத்துவர் எதெல்ட்ரெடா நகிமுலி-எம்புங்கு தனித்தனியாகப் பேசுவதற்குப் பதில் குழுவாக உட்காரவைத்தார். எட்டு அமர்வுகள், ஆண்களுக்குத் தனிக்குழு, பெண்களுக்குத் தனிக்குழு. நடத்துபவர் சாதாரண ஊர் சுகாதாரப் பணியாளர். முதல் அமர்வுகளில் மனச்சோர்வு என்றால் என்ன, ஒவ்வொருவருக்கும் நடந்தது என்ன என்ற பேச்சு. கடைசி அமர்வுகளில் பிழைப்புக்கான வழி, சேமிப்பு. 30 சுகாதார மையங்கள், எச்.ஐ.வி.யும் மனச்சோர்வும் சேர்ந்து உள்ள 1,140 பேர். ஆறு மாதத்துக்குப் பின் கடும் மனச்சோர்வில் இருந்தவர்கள், இந்தக் குழுக்களில் 578 பேரில் 2 பேர். எச்.ஐ.வி. பற்றிய பாடம் மட்டும் நடத்திய குழுக்களில் 562 பேரில் 160 பேர். 2020-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும், வேறு இடத்தில் செய்தால் இதே அளவு வராது என்றே நினைக்கிறேன். ஆனால் பிழைப்பைப் பற்றிய பேச்சைச் சிகிச்சைக்குள்ளேயே வைத்தது சரியான முடிவு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால் எவருக்கும் எரிச்சல்தான் வரும்.

இனி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் திட்டம் எழுதும்போது எல்லோரும் இங்கேதான் அளக்கிறார்கள். மனசு தேறினால் வைரஸ் தானாகக் கட்டுக்குள் வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஜிம்பாப்வேயின் கிராமப்புற பிகிதா மாவட்டத்தில் ஏ.ஆர்.டி. எடுப்பவர்களிடம் மட்டும் இதே நட்பு பெஞ்சு முறையைச் சோதித்தபோது, மாத்திரை எடுக்கும் ஒழுங்கிலும் வைரஸ் அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கனவே ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருப்பவரிடம் இன்னும் எவ்வளவு கூட்ட முடியும் என்பது என் விளக்கம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கயேலிட்ஷாவைப் பாருங்கள். அங்கே வைரஸ் கட்டுக்குள் வராதவர்கள், கூடவே மனச்சோர்வும் உள்ளவர்கள் என்று 161 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நர்ஸ்கள் பேசினார்கள், மனச்சோர்வைப் பற்றிய பேச்சையும் மாத்திரையைப் பற்றிய பேச்சையும் ஒன்றாகவே பின்னினார்கள். மனச்சோர்வும் குறைந்தது, ஓராண்டில் வைரஸ் கட்டுக்குள் வரும் வாய்ப்பும் இரண்டரை மடங்கு கூடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நமக்கு வேண்டிய பதில் கிடைக்கிறது: ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் எல்லோரையும் பிடிக்க ஓடாமல், வைரஸ் அளவு கூடியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் மையத்தில் கேட்க வேண்டிய நேரங்களை நான் இப்படிக் குறுக்குவேன். தொற்று உறுதியாகி முதல் மூன்று மாதம். வைரஸ் அளவு கூடிவந்த முதல் வருகை. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள். துணையை இழந்த சமயம். காசநோய் மருந்து கூடச் சேர்ந்த சமயம். பிறவியிலிருந்தே தொற்றோடு வளர்ந்த பிள்ளைக்கு உண்மையைச் சொல்லும் காலம். இந்த ஆறு தருணங்களிலும் இரண்டே கேள்வி போதும்: கடந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்தே இருந்ததா, வழக்கமாகச் செய்யும் எதிலும் நாட்டம் இல்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் மட்டும் ஒன்பது கேள்வி கொண்ட மனச்சோர்வுப் படிவத்துக்குப் போங்கள். அந்தப் படிவத்திலும் ஒரு கோளாறு உண்டு. தூக்கமின்மை, பசியின்மை, அசதி என்று அது கேட்பதெல்லாம் காசநோயிலும் வரும், ரத்தசோகையிலும் வரும். 'பல நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்' என்ற விடைகளுக்குள் பதில் சொல்லப் பலருக்கும் வராது. "வாரத்துல எத்தனை நாள்?" என்று நாளாக எண்ணிக் கேளுங்கள்.

வருகையே குறைந்துவருவது இன்னொரு சிக்கல். நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பது நல்ல ஏற்பாடு, ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் வாரம் ஒரு அமர்வு என்ற ஜிம்பாப்வே முறை இங்கே அப்படியே ஓடாது. முதல் அமர்வு நேரில், அடுத்த மூன்று நாலு போனில், கடைசி அடுத்த மாத்திரை நாளில் என்று வைத்துக்கொள்ளலாம். போன் யாருடையது, எடுப்பது யார், எந்த நேரத்தில் கூப்பிட்டால் தனியாகப் பேச முடியும் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள். "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறோம்" என்ற ஒரு வரி போதும், ஒரு வீடு ரெண்டுபட.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்க ஆலோசகர்களே தயங்குகிறார்கள், நாமே ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, கேட்டதும் பலருக்கு இறக்கிவைத்த மாதிரி இருக்கும். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா? இன்னிக்கு அந்த எண்ணம் இருக்கா?" வழியும் நாளும் யோசித்துவைத்திருப்பவரைத் தனியாக அனுப்பக் கூடாது, அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். எண்ணம் மட்டும் உள்ள மற்றவர்களிடம், வீட்டில் பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் எங்கே இருக்கின்றன, அவற்றை யாரிடம் ஒப்படைக்கலாம், இரவில் கஷ்டமாக இருந்தால் முதலில் யாரை அழைப்பார் என்று பேசி ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416 அந்தச் சீட்டில் இருக்கட்டும், தமிழிலேயே பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் இருக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. இதைச் சொல்லுங்கள்.

மனசு என்று முடிவுகட்டுமுன் உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தலைவலி, காய்ச்சலோடு பேச்சும் நடத்தையும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு அல்ல, மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தைராய்டு, பி12 குறைபாடு, ரத்தசோகை, குடி ஆகிய நாலும் வழக்கமான சந்தேக நபர்கள். மருந்துகளும் காரணமாகலாம். முன்பு எல்லோருக்கும் கொடுத்த எஃபாவிரென்ஸ் தலைசுற்றல், பயங்கரக் கனவு, சோர்வு என்று பலரைப் படுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் டோலுடெக்ராவிரை எல்லோருக்கும் முதல் தேர்வாக்கிய பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனால் டோலுடெக்ராவிரும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், அப்படிப்பட்டவர்கள் காலையில் போடலாம். காசநோய்த் தடுப்புக்குத் தரும் ஐசோனியாசிட் அரிதாகவும், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் அதைவிட அதிகமாகவும் மனநிலையைப் புரட்டிப்போடக்கூடியவை.

மனச்சோர்வு மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு ஃப்ளூஆக்ஸெடின் பொதுமருத்துவரே எழுதக்கூடிய மருந்துதான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மாத்திரை அளவு மீறினால் ஆபத்து, தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில் மாதக்கணக்கில் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. மனநலப் பிரிவில் கார்பமாசெபின் எழுதினால் டோலுடெக்ராவிர் ரத்தத்தில் குறைந்துவிடும், ஒரு வேளையை இரண்டு வேளையாக்க வேண்டிவரும். லித்தியம் எழுதினால் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தில் உள்ள டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்துக்குச் சுமை. இரண்டு பிரிவும் ஒரே சீட்டைப் பார்க்காததால் வரும் விபத்துகள் இவை. நோயாளி எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதி அவர் சம்மதத்தோடு அனுப்புங்கள். 2017 எச்.ஐ.வி. சட்டம் நோயாளியின் நிலையை வெளியிடுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது உங்களுக்கும் பாதுகாப்பு. அதைவிட முக்கியம், சீட்டின் மேலே ஏ.ஆர்.டி. முத்திரையைக் கொட்டை எழுத்தில் குத்தி, மனநல வெளிநோயாளி வரிசையில் அதைக் கையில் பிடித்தபடி நிற்கவைக்காதீர்கள். ஒரு களங்கத்துக்கு மேல் இன்னொன்றைச் சுமக்கச் சொன்னால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதம் ஒரு மதியம் உங்கள் மையத்துக்கே வர ஏற்பாடு செய்ய முடிந்தால் இந்தப் பத்தி முழுக்கவே தேவைப்படாது.

மேற்பார்வை பற்றி. நிபுணர் அல்லாதவர்கள் நடத்தி வெற்றிபெற்ற எந்தச் சோதனையை எடுத்தாலும் பின்னால் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இருப்பார். பிற்பாடு அதே திட்டத்தை விரிவாக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான், பயிற்சி நாளன்று எடுத்த குரூப் போட்டோ மட்டும் மிஞ்சும். கோவாவில் சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு, மனநலத்தில் முறையான படிப்பு இல்லாத ஆலோசகர்களைக் கொண்டு கடும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடத்தியபோது, ஆலோசகர்களே ஒருவர் அமர்வின் ஒலிப்பதிவை மற்றவர் கேட்டு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒலிப்பதிவு உங்களுக்குச் சரிப்படாது. வாரம் அரை மணி நேரம் பக்கத்து மாவட்ட ஆலோசகர்கள் இரண்டு மூன்று பேரோடு போனில், பெயர் சொல்லாமல், சிக்கிக்கொண்ட ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் பேசுங்கள். மாதம் ஒரு முறை அந்த அழைப்பில் மனநல மருத்துவர் சேரட்டும். உங்கள் மனம் தளர்வதற்கும் இடம் அதுதான். ஒரே நாளில் ஏழு பேரின் துக்கத்தைக் கேட்டுவிட்டு மாதாந்திர அறிக்கை நிரப்புவது யாருக்கும் ஆகாது.

கடைசியாக, பாட்டிகளுக்கு நிகரானவர்கள். 1986-இல் சென்னையில்தான் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. தொற்றோடு வாழ்பவர்களே கூடி அமைத்த சங்கங்களும் இங்கே அவ்வளவு பழையவை, பி. கௌசல்யா 1998-இல் தொடங்கிய பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பு உட்பட. உங்கள் மாவட்டத்தில் நெட்வொர்க் என்று அழைக்கப்படும் அத்தகைய சங்கத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு மாத்திரை எடுத்து, கணவரைப் புதைத்து, பிள்ளையைக் கரைசேர்த்த பெண்கள் இருப்பார்கள். ஜிம்பாப்வேயிலேயே ஸ்வாந்திரி என்ற திட்டத்தில், தொற்றோடு வளர்ந்த 18 முதல் 24 வயது இளைஞர்கள் 13 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் வைரஸ் கட்டுக்குள் வராதவர்களும் இறந்தவர்களும் சேர்த்து அந்தப் பிரிவில் 25 சதவீதம், மற்றப் பிரிவில் 36 சதவீதம்.

அப்படி இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாகப் பேசுபவரை விட்டுவிட்டு நன்றாகக் கேட்பவரை எடுங்கள். ஊர்ப் பேச்சை வெளியே விடாதவர் என்று நெட்வொர்க்கிலேயே பெயர் எடுத்தவராக இருக்கட்டும். நோயாளிகள் குடும்பத்தோடு உறவோ கொடுக்கல் வாங்கலோ இருக்கக் கூடாது. சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்காதீர்கள், ஹராரே பாட்டிகளுக்கு நகராட்சி உதவித்தொகை கொடுத்தது. பஸ் காசு, போன் ரீசார்ஜ், ஒரு நாள் கூலிக்குக் குறையாத தொகை, இந்த மூன்றையும் மருத்துவமனை நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்தோ மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகு வழியாகவோ எழுத்தில் வாங்கிய பிறகே முதல் நோயாளியை அவரிடம் அனுப்புங்கள்.